ஆள் செய்யாத அக்கா

கூனிமேட்டில், கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பார்த்தபடி ஒரு எஸ்டிடி பூத் இருந்தது. உள்ளே ஒரு கண்ணாடிக் கூண்டு, கூண்டுக்குள் ஒரு போன், சுவரோரம் ஒரு ஜெராக்ஸ் மிஷின், அதன் பக்கத்தில் ஒரு மேஜை. மேஜைக்குப் பின்னால் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவரை எல்லோரும் பூத் அக்கா என்றார்கள். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். அவருடைய பெயர் எனக்குத் தெரியும். எழுதினால், "என் பேரை எதுக்குப்பா போட்டே?" என்று கேட்பார் என்பதும் தெரியும்.

நான் அங்கே முதலில் போனது சுனாமிக்கு அடுத்த வருடம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்து என்னை பாலிடெக்னிக் வரைக்கும் அனுப்பியிருந்தார்கள். சிவில் டிப்ளமோ கையில் வந்த சூட்டோடு ஒரு கட்டட கான்ட்ராக்டரிடம் சேர்ந்திருந்தேன். அவருடைய ஆபீஸ் அறை பூத்துக்கு இரண்டு கடை தள்ளி.

அன்றைக்குப் போன் பேசிவிட்டுக் கூண்டிலிருந்து வெளியே வந்தவன், மேஜைமேல் இருந்ததைப் பார்த்து நின்றுவிட்டேன். டீ கேன். சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார்களே, அது. ஆனால் என் கட்டைவிரல் நகத்தைவிடச் சின்னது. மூடி இருந்தது, கைப்பிடி இருந்தது, அடியில் குழாய் இருந்தது. குழாய்க்குக் கீழே டீ சொட்டிச் சொட்டிக் கறுத்த தடம்கூட இருந்தது.

"இது இன்னாக்கா?"

"டீ கேன்."

"அது தெரியுது. எதுக்கு?"

"டீ விக்கத்தான்," என்றார் சிரிக்காமல்.

சென்னையில் ரிட்டயர் ஆன ஒருவர், வீட்டு மாடியில் ஒரு முழு ரயில்வே ஸ்டேஷனைச் சின்னதாகக் கட்டிக்கொண்டிருந்தார். ரயில், தண்டவாளம், கட்டடம் எல்லாம் அவரே செய்துகொள்வார். பிளாட்பாரத்தில் கிடக்கிற பெஞ்சு, தண்ணீர்க் குழாய், தள்ளுவண்டி, கூஜா, மூட்டை இதெல்லாம் பூத் அக்காவின் பொறுப்பு. பாண்டிச்சேரியில் ஒரு காலேஜ் பையன் மூலம் பழக்கம். அந்தப் பையன் தன் பிராஜெக்ட் மாடலுக்கு நாற்காலி கேட்டு வந்தவன். நாற்காலியோடு, நாற்காலி முதுகில் தொங்குகிற ஒரு துண்டையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார். துண்டைப் பார்த்துத்தான் சென்னைக்காரர் ஆளைத் தேடிப் பிடித்தாராம்.

பற்பசை ட்யூப்பை வெட்டி விரித்தால் தகரம். ஊசி மருந்து பாட்டிலின் மூடி அண்டா ஆகும். தீர்ந்துபோன ரீஃபில் தண்ணீர்க் குழாய் ஆகும். பக்கத்துப் பஞ்சர் கடையிலிருந்து உடைந்த ஸ்போக் கம்பியும் கிழிந்த ட்யூபும் வரும். கடையில் வாங்கிய பொருள் என்று பார்த்தால் பசை ஒன்றுதான்.

ஆனால் அவர் ஆள் செய்ய மாட்டார். மனுஷன் மட்டுமில்லை, மாடு, நாய், காக்கா எதுவும் கிடையாது. "உசுரு குடுக்க முடியாதவங்க உருவம் குடுக்க வேணாம்னு எங்க வீட்ல வழக்கம்பா," என்று ஒருமுறை சொன்னார். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசியதில்லை. அடுத்தவரைக் குறை சொன்னதுமில்லை.

பஞ்சர் கடைக்காரர் விடுவாரா? "ஏம்மா, நாள் பூரா ரேஷன் கார்டு ஜெராக்ஸ் எடுக்கறியே, அதுல குடும்பமே போட்டோல நிக்குதே, அது மட்டும் பரவால்லியா?"

"அது மிஷின் எடுக்குது. நான் பட்டன் அமுக்கறேன், அவ்ளோதான்."

"நல்லா பேசறம்மா நீ."

"நீங்க ஸ்போக் குடுங்க, பேச்ச நான் பாத்துக்கறேன்."

சென்னைக்காரர் ஒரு போர்ட்டர் பொம்மை கேட்டு நாலு தடவை போன் செய்தார். நாலாவது தடவை நான் அங்கேதான் இருந்தேன். அக்கா ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். அடுத்த வாரம் பார்சலில் ஒரு பெஞ்சு போனது. பெஞ்சின்மேல் மடித்து வைத்த ஒரு சிவப்புச் சட்டை, சட்டைமேல் பித்தளைப் பட்டை, பக்கத்தில் பாதி குடித்த டீ கிளாஸ், கீழே ஒரு ஜோடி செருப்பு. அதில் ஒன்று கவிழ்ந்து கிடந்தது. போனில், "போர்ட்டர் எங்கம்மா?" என்று அவர் கத்தியது கூண்டுக்கு வெளியே கேட்டது.

"குழாயடிக்குப் போயிருக்காருங்க. இப்ப வந்துருவாரு."

 பிறகு அவர் சிரித்தது எங்களுக்கும் கேட்டது.

எதைக் கேட்டாலும் அக்கா திருப்பிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "யாருது?" வாளி வேண்டுமா, யாருடைய வாளி? தண்ணி சேந்துகிறவர் குட்டையா நெட்டையா? இடது கையா வலது கையா? கிறிஸ்துமஸ் குடிலுக்கு வைக்கோலும் லாந்தரும் கேட்டு வந்த ஒரு டீச்சரம்மாவை, "மாடு எவ்ளோ வைக்கோல் துண்ணுச்சு, எவ்ளோ மிச்சம்?" என்று கேட்டு நிற்க வைத்துவிட்டார். டீச்சர் என்னைப் பார்த்தார். நான் ரோட்டைப் பார்த்தேன்.

அளக்காமல் எதையும் செய்ய மாட்டார். மேஜை டிராயரில் ஒரு தையல் டேப், ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேல். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர் கையில் வித்தியாசமாக ஒரு பை இருந்தால்கூட, "கொஞ்சம் இருங்க," என்று அளந்துகொள்வார். எனக்கு இது கொஞ்சம் அதிகப்படியாகத் தெரிந்தது. நான் படித்தவன். வாசலுக்கு இவ்வளவு, ஜன்னலுக்கு இவ்வளவு, படிக்கு இவ்வளவு என்று புத்தகத்தில் இருக்கிறது. ஒவ்வொரு ஆளாக அளந்துகொண்டிருந்தால் எப்போது கட்டடம் கட்டுவது?

அந்த வருடம் மரக்காணத்தில் எங்களுக்கு ஒரு வேலை கிடைத்திருந்தது. உப்பளத்து ஓரமாக, உப்பைப் பாக்கெட் போடுவதற்கு ஒரு குடோன். அதுவரைக்கும் பாத்தியில் வாரிய உப்பைப் பெண்கள் கூடையில் சுமந்துபோய் மேட்டில் அம்பாரமாகக் கொட்டுவார்கள். இனிமேல் நேராகக் குடோனுக்குள் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். அதற்காகப் பாத்திப் பக்கம் ஒரு சின்ன வாசல். படம் போட்டவன் நான். "சைடு வாசல்தானே, ஆறரை அடி போதும்," என்றார் கான்ட்ராக்டர் சார். ஆறரை என்று எழுதினேன். எங்கள் ஊரில் ஆறரை அடி ஆள் யார் இருக்கிறார்கள்?

உப்பள முதலாளிக்கு ஒரு ஆசை. குடோனை அப்படியே சின்னதாகச் செய்து, கண்ணாடிப் பெட்டியில் போட்டு ஆபீசில் வைக்க வேண்டும். பெரிய மனிதர்கள் வந்தால் காட்ட வேண்டும். சார் என் தலையில் கட்டினார். அடிக்கு அரை அங்குலம் என்று கணக்கு வைத்துக்கொண்டு அட்டையும் தெர்மோகோலும் வெட்டிக் கட்டடத்தை முடித்தேன். சுற்றிப் பாத்தி, வரப்பு, வாய்க்கால் எல்லாம் வந்தது. ஆனால் பார்ப்பதற்குச் செத்துக் கிடந்தது. பூத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

"உப்பு சுமக்கற பொம்பளைங்க ஆறு பேர் வேணும்க்கா. வரிசையா வரப்புல வர்ற மாதிரி."

"ஆள் செய்ய மாட்டேனே தம்பி."

"இதுக்கு மட்டும்."

"கூடை செஞ்சு தர்றேன். கூடை எங்க இருக்கும்?"

"தலைமேல."

"தலை எங்க இருக்கும்?"

நான் குத்துமதிப்பாகக் கையை உயர்த்திக் காட்டினேன்.

"போய் அளந்துட்டு வா. ஆறு கூடைக்கும். கூடையோட அளக்கணும், உப்போட அளக்கணும். கூடவே உங்க பாத்தி உப்பு ஒரு பொட்டலம் கொண்டா."

அடுத்த நாள் காலையில் டேப்போடு உப்பளத்துக்குப் போனேன். அம்மா சுமையோடு வரப்பில் வந்துகொண்டிருந்தார். அதற்கு முந்தைய சீசனில் கழுத்து நரம்பு பிடித்துக்கொண்டு இரண்டு மாதம் படுத்து எழுந்தவர். தலையைத் திருப்பாமல் உடம்போடு சேர்ந்துதான் திரும்புவார். டேப்பைத் தரையில் மிதித்துக்கொண்டு மேலே இழுத்தேன்.

"இன்னாடா பண்ற? பொணத்துக்கு அளவெடுக்கற மாதிரி!"

"அசையாத நில்லும்மா."

"கூடைய எறக்கிட்டு அளேன்."

"வேணாம், தூக்கினே இரு."

பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். "படிக்க வெச்சா இப்படித்தான். பெத்தவளயே டேப்புல அளப்பானுங்க." சின்னத்தை, "எனக்குக் கொஞ்சம் கூட்டிப் போட்டுக்கோடா," என்றார். அவர்தான் அந்த வரிசையிலேயே குள்ளம்.

அம்மாவின் காலடியிலிருந்து கூடையில் குவிந்த உப்பின் உச்சி வரை ஆறு அடி பத்தரை அங்குலம். சீட்டில் எழுதினேன். மற்ற ஐந்து பேரையும் எழுதினேன். சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பூத்துக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். அதே கைதான் படத்தில் ஆறரை என்று எழுதியது. எனக்கு ஒன்றுமே உறைக்கவில்லை. உப்புச் சுமையைப் பார்த்தே வளர்ந்தவன் நான். அம்மாவின் தலையில் கூடை இருப்பது எனக்கு அவர் முகத்தில் மூக்கு இருப்பதைப் போல. மூக்கையெல்லாம் யார் கணக்கில் எடுப்பார்கள்?

எட்டு நாள் கழித்து அக்கா கூப்பிட்டு அனுப்பினார். மேஜையில் ஆறு கூடைகள் அந்தரத்தில் நின்றன. ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு வாஷர், வாஷரில் நட்ட ஒரு ஸ்போக் துண்டு, அதன் நுனியில் துணிச் சுருளில் ஒரு சும்மாடு, அதன்மேல் ஓலையை நூலாகக் கிழித்துப் பின்னிய கூடை. கூடையில் இடித்துச் சலித்த எங்கள் பாத்தி உப்பு. ஒன்று உயரம், ஒன்று குட்டை. கூடை மட்டும் வரிசையாக வந்துகொண்டிருந்தது. முதலில் எனக்கு ஒரு மாதிரி இருந்தது. அப்புறம், எது யாருடையது என்று கேட்காமலே சொல்ல முடிந்தது.

"உப்பை ஒட்டலியா அக்கா?"

"ஒட்டினா கல்லு மாதிரி நிக்குது. கொட்டாத உப்பு இன்னா உப்பு?"

மாடலின் வரப்பில் ஒவ்வொன்றாக வைத்தார். முதல் கூடை அம்மாவுடையது. "இது வாசல்ல நுழையற மாதிரி இருக்கட்டும்," என்று ஸ்போக்கைப் பிடித்து நகர்த்தினார்.

கூடை வாசல் உத்தரத்தில் இடித்து நின்றது. அக்கா முகம் சுண்டிப்போனது.

"தப்புப் பண்ணிட்டேன்பா."

ஸ்டீல் ஸ்கேலை எடுத்து ஸ்போக்கை அளந்தார். கூடையை அளந்தார். என் சீட்டை விரித்துப் பார்த்தார். மறுபடி அளந்தார். சரியாக இருந்தது. இரண்டாவது கூடையை நகர்த்தினார். இடித்தது. மூன்று, நான்கு, ஐந்து. ஆறாவது, சின்னத்தையுடையது, உரசிக்கொண்டு உள்ளே போனது.

அப்புறம்தான் ஸ்கேல் என் வாசலுக்கு வந்தது. மாடலில் ஒன்றரை நூல் வித்தியாசம், கால் அங்குலம்கூட இல்லை. நிஜத்தில் நாலரை அங்குலம்.

"தம்பி," என்றார் மெதுவாக, "நெஜ வாசலும் இதே அளவுதானா?"

தலையாட்டினேன். அன்றைக்கு வியாழக்கிழமை. வாசல்மேல் பலகை அடித்துக் கம்பி கட்டியாகிவிட்டது. மறுநாள் காலையில் காங்கிரீட். போட்டுவிட்டால் அதோடு முடிந்தது. அதற்கப்புறம் ஒரு நாளைக்கு எத்தனை நடையோ அத்தனை நடையும் என் அம்மா, அந்தக் கழுத்தை வைத்துக்கொண்டு, சுமையோடு முட்டி மடக்கிக் குனிய வேண்டும். வாசலைப் போட்டவன் மகன்.

"சார்கிட்ட சொன்னா வேலைய விட்டுத் தூக்கிருவாருக்கா."

"சொல்லலைன்னா?"

 அக்கா எழுந்தார். ஜெராக்ஸ் மிஷினை அணைத்து, ஷட்டரை இறக்கினார். பகலில் அந்த ஷட்டர் இறங்கி நான் பார்த்ததில்லை. பஞ்சர் கடைக்காரர் ஓடிவந்து, "யாருக்கு இன்னாம்மா ஆச்சு?" என்றார்.

"யாருக்கும் ஒண்ணும் ஆவாம இருக்கத்தான் போறேன்."

மரக்காணம் பஸ்ஸில் மாடலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கூடைகளின் வாஷரைத் தெர்மோகோல் துண்டில் பதித்து, உப்பு சிந்தாமல் நான் பிடித்துக்கொண்டேன். கண்டக்டர் குனிந்து பார்த்தார். "இது இன்னாம்மா லக்கேஜ்?"

"குடோன்."

"குடோனுக்கெல்லாம் டிக்கெட் போட்டதில்ல. பத்திரமா புடிச்சுக்கோ."

சைட்டில் சாரும் மேஸ்திரியும் இருந்தார்கள். முதலாளியும் காரிலிருந்து இறங்கி நின்றிருந்தார். நான் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

"படம் போட்டது யாருய்யா?" என்றார் சார்.

"நான்தான் சார்."

"அப்ப படிச்சு இன்னாத்தக் கிழிச்ச?" முதலாளி பக்கத்தில் நின்றதால் குரலைத் தணித்துக்கொண்டார். "குனிஞ்சு போவட்டும். கோயில்ல குனிஞ்சு போறதில்ல? ஒரு செகண்டு வேலை. நாளைக்குக் காங்கிரீட்ட வெச்சுக்கினு வந்து கதை சொல்றான்."

அக்கா அவரைத் தாண்டிப் போனார். செங்கல் அடுக்கின்மேல் மாடலை வைத்தார். அம்மாவின் கூடையை எடுத்து முதலாளியிடம் நீட்டினார்.

"இதுல ஆள் எங்கம்மா?" என்றார் முதலாளி, கண்ணைச் சுருக்கி.

"ஆளு அதோ பாத்தில இருக்காங்க. கூடை மட்டும் வந்துருக்குது. கொஞ்சம் உள்ள கொண்டுபோங்க."

அவர் தடித்த விரல்களால் ஸ்போக்கைப் பிடித்து நகர்த்தினார். இடித்தது. உப்பு சிந்தியது. விளையாட்டில் தோற்ற பிள்ளையைப் போல, விடாமல் இன்னும் மெதுவாக நகர்த்தினார். மறுபடி சிந்தியது.

"இப்பக் குனிய வெச்சுப் பாருங்க," என்றார் அக்கா.

முதலாளி ஸ்போக்கை முன்னால் சாய்த்தார். மிச்சமிருந்த உப்பு முழுவதும் அவர் செருப்பின்மேல் கொட்டியது.

 முதலாளி தலையைத் தூக்கிப் பாத்திப் பக்கம் பார்த்தார். வரப்பில் பெண்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். வெயிலில் முகங்கள் தெரியவில்லை, வெள்ளைக் கூடைகள்தான் தெரிந்தன. அவர் கையிலிருந்த காலிக் கூடையையும் அவற்றையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மேஸ்திரி, பலகையப் பிரி. நாலு வரி கல்லு ஏத்திட்டு அப்புறம் போடு."

"அதாங்க நானும் நெனச்சேன்," என்றார் மேஸ்திரி. "எம் பொண்டாட்டியே இந்தப் பாத்திலதான் சொமக்கறா."

"நெனச்சா சொல்றதில்லையா?" என்றார் அக்கா.

மேஸ்திரி என்னைப் பார்த்தார். கோபமில்லை. "படத்துல ஆறரைன்னு இருந்துச்சும்மா. படிச்ச புள்ள போட்டது. நாம எப்படித் தப்புன்னு சொல்றது?"

வேலை போனாலும் அவ்வளவு வலித்திருக்காது. ஆனால் வேலை போகவில்லை. முதலாளி மாடலைக் காருக்கு எடுத்துப்போகச் சொன்னார், கூடைகளோடு, அப்படியே. சார் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "காலைல சீக்கிரம் வா, படத்தத் திருத்தணும்," என்றார். நான் அங்கேயே சரளைக்கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டேன். அக்கா புடவை முந்தானையால் செங்கல்மேல் சிந்தியிருந்த உப்பை ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

"மாடல் வாசலையும் வெட்டி ஒசத்திரு. மறந்துராத," என்றார்.

குடோன் திறந்தது அடுத்த வருடம், உப்பு சீசன் தொடங்கியபோது. அக்காவுக்கும் பத்திரிகை வைத்தேன். வரவில்லை. ரிப்பன் வெட்டி, லட்டு கொடுத்து, பெரிய மனிதர்கள் கிளம்பிப்போன பிறகுதான் வேலை ஆரம்பித்தது. முதல் ஆளாக அம்மா வந்தார். வாசலுக்குச் சாய்த்துப் போட்டிருந்த பலகைமேல் ஏறி, நேராக வந்து, மேலே பார்க்காமல், வேகம் குறைக்காமல் உள்ளே போனார். பின்னாலேயே மேஸ்திரி மனைவி. அப்புறம் மற்றவர்கள். காலிக் கூடையோடு வெளியே வந்த அம்மா என்னைப் பார்த்து, "இன்னாடா, வழில மரம் மாதிரி நிக்கற? தள்ளு," என்றார். இந்த வாசலுக்குப் பின்னால் ஒரு கதை இருப்பது அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

சாயங்காலம் லட்டோடு பூத்துக்குப் போனேன்.

"போனாங்களா?" என்றார் அக்கா.

"போனாங்கக்கா. குனியவே இல்ல."

"உப்புக்கும் வாசலுக்கும் நடுவுல எவ்ளோ மிச்சம் இருந்துச்சு?"

பையில் டேப் இருந்தது. காலையிலிருந்தே இருந்தது.

"அளக்கலக்கா. பாத்துக்கினே நின்னுட்டேன்."

 திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"சரி, பரவால்ல," என்று சொல்லிவிட்டு, லட்டைப் பிட்டுப் பாதியை என் கையில் வைத்தார்.